அபராதம் கட்டினால் கார் காப்பீட்டுக் கட்டணம் உயருமா? கணக்கில் வருவது எது?

புதுதில்லி: சிவப்பு விளக்கை மீறியதற்காகவோ அதிவேகமாகச் சென்றதற்காகவோ இ-சலான் பெற்ற ஒருவரின் கார் காப்பீட்டுக் கட்டணம் அடுத்த ஆண்டு உயர்ந்துவிடுமா என்ற ஐயம் வாகன உரிமையாளர்கள் பலருக்கு உண்டு. பொதுவாக உயராது என்பதே இந்தியாவில் நிலவும் நடைமுறை. காப்பீட்டு நிறுவனம் முதன்மையாகக் கவனிப்பது, கடந்த ஆண்டுகளில் இழப்பீடு கோரப்பட்டதா என்பதைத்தான்.

கார் காப்பீட்டுக் கட்டணம் முக்கியமாக இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 146-ஆவது பிரிவின்படி கட்டாயமாக்கப்பட்டுள்ள மூன்றாம் நபர் காப்பீடு. இதன் கட்டணத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அறிவிக்கையின்படி, 1,000 சிசி வரையிலான தனியார் கார்களுக்கு ஆண்டுக்கு ரூ.2,094, 1,500 சிசி வரை ரூ.3,416, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ரூ.7,897 என நிர்ணயிக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டியவருக்கும் நேற்று உரிமம் பெற்றவருக்கும் இதில் ஒரே தொகைதான்.

இரண்டாவது, காருக்கு நேரும் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு. காரின் மதிப்பு, வயது, என்ஜின் திறன், பதிவு செய்யப்பட்ட ஊர் ஆகியவற்றைக் கொண்டு இதன் கட்டணத்தை நிறுவனங்களே வகுக்கின்றன. உரிமையாளரின் கடந்தகாலம் கணக்கில் சேர்வது இங்குதான். ஓராண்டு முழுவதும் இழப்பீடு கோராதவருக்கு இப்பகுதியில் 20 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். இதுவே 'நோ கிளெய்ம் போனஸ்'. தொடர்ந்து கோராதிருந்தால் அது 25, 35, 45 என உயர்ந்து, ஐந்தாம் ஆண்டின் முடிவில் 50 சதவீதத்தை எட்டும். இடையில் ஒருமுறை கோரினாலும் வழக்கமாகப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும்.

இதன் விளைவை ஓர் உதாரணக் கணக்கில் பார்க்கலாம். சொந்தச் சேதப் பகுதியின் கட்டணம், வரி நீங்கலாக, ரூ.12,000 என்று கொள்வோம். 50 சதவீதத் தள்ளுபடி பெற்றவர் ரூ.6,000 மட்டுமே செலுத்துகிறார். பம்பரில் ஏற்பட்ட சேதத்துக்காக அவர் இழப்பீடு பெற்றால், அடுத்த ஆண்டு முழுத் தொகையான ரூ.12,000 செலுத்த நேரிடும். அதன்பின் கோரிக்கை ஏதுமின்றிச் சென்றால், அடுத்தடுத்த ஆண்டுகளில் ரூ.9,600, ரூ.9,000, ரூ.7,800, ரூ.6,600 எனக் குறைந்து, ஆறாவது ஆண்டில்தான் பழைய ரூ.6,000-க்குத் திரும்புவார். இந்த ஐந்தாண்டுகளில் அவர் கூடுதலாகச் செலுத்தியிருப்பது ரூ.15,000. கார் பழையதாக ஆக அதன் மதிப்பும் கட்டணமும் குறையும் என்பதால் உண்மையான இழப்பு சற்றுக் குறைவாக இருக்கலாம். எனினும் ஐயாயிரம் ரூபாய் பழுதுக்கு இழப்பீடு கோருவது அவருக்கு நட்டமே. ஒவ்வொரு கோரிக்கையிலும் 1,500 சிசி வரையிலான கார்களுக்கு ரூ.1,000, அதற்கு மேற்பட்டவற்றுக்கு ரூ.2,000 என்ற கட்டாயப் பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

தவறு யாருடையது என்ற கேள்வியே இதில் எழுவதில்லை. நிறுத்தி வைத்திருந்த காரை அடையாளம் தெரியாத வாகனம் இடித்துச் சென்றாலும், வெள்ளத்தில் கார் மூழ்கினாலும், இழப்பீடு கோரினால் தள்ளுபடி போய்விடும். மாறாக, பத்து இ-சலான்கள் பெற்றும் இழப்பீடு கோராதவருக்கு 50 சதவீதம் அப்படியே இருக்கும். நல்ல ஓட்டுநருக்கான வெகுமதி என்று இது விளம்பரப்படுத்தப்படுவது சற்று வியப்புக்குரியதே. தள்ளுபடியைக் காக்கும் கூடுதல் காப்பீட்டைத் தனிக் கட்டணம் செலுத்திப் பெறலாம்.

இந்தச் சலுகை காருக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. காரை விற்றுவிட்டு வேறு கார் வாங்கும்போது, மூன்று ஆண்டுகளுக்குள் அதைப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய கார் வாங்குபவருக்கு முந்தைய உரிமையாளரின் தள்ளுபடி சேராது. காப்பீடு காலாவதியாகி 90 நாள்களுக்குள் புதுப்பிக்கத் தவறினால் சேர்த்த சலுகை முழுவதும் அழிந்துவிடும். நிறுவனம் மாறும்போது, இழப்பீடு கோரியதை மறைத்து உறுதிமொழி அளிப்போர் பின்னர் பெருவிபத்தில் சிக்கினால், சொந்தச் சேதத்துக்கான இழப்பீட்டையே இழக்க நேரலாம். பழைய நிறுவனத்திடம் கேட்டு உண்மையைச் சரிபார்க்க வழியுண்டு.

அபராதம் கட்டணத்தை உயர்த்தாது என்பதால், விதிமீறலுக்கும் காப்பீட்டுக்கும் தொடர்பே இல்லை என்று கொள்ள முடியாது. மது அருந்தியோ செல்லுபடியாகும் உரிமம் இன்றியோ ஓட்டி விபத்து நேர்ந்தால், காரின் பழுதுச் செலவை நிறுவனம் மறுக்கலாம். உரிமம் இல்லாத சில வழக்குகளில், பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு முதலில் நிறுவனம் வழங்கவும், பின்னர் அத்தொகையை உரிமையாளரிடம் வசூலிக்கவும் நீதிமன்றங்கள் உத்தரவிட்டுள்ளன.

விதிமீறலைக் கட்டணத்துடன் நேரடியாக இணைக்கும் முயற்சியும் நடந்துள்ளது. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் (ஐஆர்டிஏஐ) 2019-இல் அமைத்த பணிக்குழு, 2021 ஜனவரியில் வெளியான தனது அறிக்கையில் 'போக்குவரத்து விதிமீறல் பிரீமியம்' என்ற தனிப் பகுதியைப் பரிந்துரைத்தது. மது அருந்தி ஓட்டுவதற்கு 100 புள்ளிகள், தவறான இடத்தில் நிறுத்துவதற்கு 10 புள்ளிகள் எனத் தரம் பிரித்து, தில்லியில் சோதனை முறையில் தொடங்கலாம் என்றது. அறிக்கை வெளியாகி ஆண்டுகள் பல கடந்தும் அது நாடு தழுவிய கட்டாய விதியாகவில்லை. கூடுதல் தொகையை ஓட்டியவரிடம் அல்லாமல், பதிவு பெற்ற உரிமையாளரிடமே வசூலிக்க வேண்டும் என்பது அதன் முக்கிய அம்சம். ஊதியத்துக்கு ஓட்டுநர் வைத்திருப்போரும், பிள்ளைகளிடம் சாவியைத் தருவோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

2022 ஜூலையில், ஓடும் தூரத்துக்கேற்பவும் ஓட்டும் முறைக்கேற்பவும் கட்டணம் நிர்ணயிக்கும் கூடுதல் திட்டங்களை வழங்க ஐஆர்டிஏஐ அனுமதித்தது. விரும்புவோர் மட்டும் தேர்ந்தெடுக்கும் இவற்றில், காரில் பொருத்தப்படும் கருவியோ கைப்பேசிச் செயலியோ வேகம், திடீர் பிரேக் போன்றவற்றைப் பதிவு செய்யும். மாதத்தில் சில நாள்கள் மட்டும் காரை வெளியே எடுப்பவர், புதுப்பிக்கும் முன் தூரத்துக்கேற்ற திட்டம் தமது நிறுவனத்தில் உள்ளதா என்று கேட்டறியலாம்.