கணினி முனையத்தில் நிறங்கள்

கணினி முனையம் என்பது கட்டளைகளைத் தட்டச்சிட்டு, விடைகளை எழுத்துகளாகப் பெறும் திரையாகும். முற்காலத்தில் இது தனிக் கருவி. இன்று அக்கருவியைப் போலவே இயங்கும் மென்பொருள். ஒரே கட்டளையின் விடை ஒரு முனையத்தில் பல நிறங்களிலும் மற்றொன்றில் ஒரே நிறத்திலும் தோன்றுவதுண்டு. பெரும்பாலும் இது கணினியின் பழுதன்று. முனையம் தன்னை எவ்வாறு அறிவித்துக்கொள்கிறது என்பதன் விளைவு.

வரலாறு

1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி100 முனையம் நிறமற்றது. 1976இல் முதலில் வெளியாகிப் பின்னர் திருத்தப்பட்டு வந்த எக்மா-48 தரம் 8 நிறங்களுக்கு எண்கள் வகுத்தது. எழுத்துக்கு 30 முதல் 37 வரை, பின்னணிக்கு 40 முதல் 47 வரை. 31 என்றால் சிவப்பு எழுத்து.

ஒவ்வொரு முனையமும் வெவ்வேறு குறிகளை ஏற்றதால், அவற்றின் திறன்களைப் பதிந்துவைக்கும் 'டெர்ம்கேப்' பட்டியலைப் பில் ஜாய் உருவாக்கினார். அதன் இடத்தைப் பின்னர் 'டெர்மின்ஃபோ' பிடித்தது. முனையத்தின் பெயரை 'டெர்ம்' என்னும் சூழல் மாறி தெரிவிக்கும். நிரல் அப்பெயரைப் பட்டியலில் தேடி, எத்தனை நிறங்கள் உண்டென அறியும்.

1999இல் எக்ஸ்டெர்ம் மென்பொருள் 256 நிறங்களைப் பெற்றது: அடிப்படை 16, கலப்பு 216, சாம்பல் 24. பின்னர் வந்த முழுநிற முறையில் 1,67,77,216 நிறங்கள் இயலும்.

தமிழ்நாட்டில்

2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வழங்கப்பட்டது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம் இது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி மாணவர் பலருக்கு லினக்ஸ் முனையம் இவ்வாறே முதன்முதலில் கைக்கு எட்டியது.

அக்காலத்து குனோம் முனையம் 256 நிறங்களைக் காட்டவல்லது. ஆயினும் தன் பெயரை 'எக்ஸ்டெர்ம்' என்றே அறிவித்தது. பட்டியலில் அப்பெயருக்கு 8 நிறங்களே உண்டு. டெபியனின் அன்றைய இயல்பு அமைப்பில், கோப்புப் பட்டியல் நிறத்தோடு வரும். கட்டளை வரியின் முகப்போ நிறமின்றி நிற்கும். முகப்புக்கு நிறம் தரும் விதி 'எக்ஸ்டெர்ம்-கலர்' என்ற பெயரையே எதிர்பார்த்ததே காரணம். பின்னாளில் குனோம் முனையம் 'எக்ஸ்டெர்ம்-256கலர்' என அறிவிக்கத் தொடங்கியது.

அமைக்கும் முறை

'டிபுட் கலர்ஸ்' என்ற கட்டளை, அறிவிக்கப்பட்ட நிற எண்ணிக்கையைத் தரும். பெயரை முனைய மென்பொருளின் அமைப்பில் மாற்றுவதே முறை. பயனரின் தொடக்கக் கோப்பில் நிபந்தனையின்றி எழுதினால், அதே கணினியின் 8 நிற உரைத்திரைக்கும் அப்பெயரே சென்று, நிறங்கள் பிறழக்கூடும்.

எண் ஒன்றாயினும் சாயலை ஒவ்வொரு முனையமும் தானே தீர்மானிக்கிறது. கரும்பின்னணியில் கோப்புறைகளின் அடர்நீலப் பெயர்கள் படிக்க இயலாமற் போவது இதனால்தான். சாயல் பட்டியலில் நீலத்தை வெளிறச் செய்தால் போதும். கோப்புகளுக்கு எக்குறையும் இல்லை.