நிலைப்பட்ட கலப்பினமும் குறுவை மழையும்: ஆடுதுறை 27 நெல் இரகத்தை முன்வைத்து

காவிரிப் படுகையின் நெல் இன மேம்பாடு பெரும்பாலும் விளைச்சலின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. ஆயினும், 1922இல் தோன்றிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1965இல் வெளியிட்ட ஆடுதுறை 27 என்னும் குறுவை இரகத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கூர்ந்து நோக்கின், ஒரு கலப்பினத்தை மரபுவழியில் நிலைப்படுத்துவதும், அதனை ஒரு பருவத்தில் நிலைக்கச் செய்வதும் இருவேறு பணிகள் என்பது புலனாகும்.

இவ்விரகத்தின் பெற்றோருள் ஒன்று, கிச்சிலிச் சம்பா என மக்கள் அறிந்த சன்ன நெல்லான ஜி.இ.பி. 24, மற்றொன்று ஜப்பானிய நெல்லாகிய நோரின் 10 (இதே பெயருடைய குட்டைக் கோதுமை வேறு). உரமிட்டாலும் சாயாத ஜப்பானிய நெல்லின் திறத்தை நம் நாட்டு நெல்லில் ஏற்றுவதற்காக, 1950களில் கட்டாக்கை மையமாகக் கொண்டு நடந்த இண்டிகா–ஜப்பானிகா கலப்புத் திட்டத்தின் விளைவே இது.

கலப்புச் செய்வது ஓரிரு நாள் வேலை. மாலையில் பூவின் நுனியைச் சாய்வாக நறுக்கி, ஆறு மகரந்தப் பைகளையும் அகற்றி, கதிருக்கு உறையிட்டு, மறுநாள் முற்பகலில் மற்றப் பெற்றோரின் மகரந்தத்தைத் தூவிவிட்டால் போதும். கடினமானது அதற்குப் பின் வருவதே. முதல் தலைமுறையில் ஒருபோல் நிற்கும் செடிகள், இரண்டாம் தலைமுறையில் உயரம், வயது, மணி வடிவம் என எல்லாவற்றிலும் சிதறுகின்றன. நெடுந்தொலைவு உறவுடைய இக்கலப்பில் பதரும் மிகுதியாகிறது. நெல் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வதால், கலப்பு மரபுநிலை தலைமுறைதோறும் பாதியாகக் குறைந்து, ஆறாம் தலைமுறையில் ஏறத்தாழ 3 விழுக்காடாகிறது. இதன்பின்னும் கரு விதை, வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை எனப் படிப்படியாகப் பெருக்கி, விதை வயலில் கலவன் களைந்து தூய்மை காக்க வேண்டியிருக்கிறது.

ஏறத்தாழ 105 நாளில் விளைந்த ஆடுதுறை 27, 1960இல் தஞ்சையில் தொடங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்தின் துணையோடு விரைந்து பரவியது. ஆனால், முற்றிய மணி ஈரம் பட்டாலும் சில வாரம் முளைக்காதிருக்கும் விதை உறக்கம் அதற்கு இல்லை. குறுவை அறுவடையோ புரட்டாசி, ஐப்பசி மழையோடு மோதுவது. சாய்ந்த கதிரிலேயே நெல் முளைவிட்டது. பல வகை கலந்த பழைய பயிரில் ஒரு பகுதியேனும் தப்பியிருக்கும்; ஒரே மரபுடைய தூய வழியிலோ வயல் முழுதும் ஒன்றாக முளைத்தது. தலைமுறைகளை விரைந்து கடத்த விழையும் ஆய்வாளருக்கு உடனே முளைக்கும் விதை வசதியானது என்பதால், தேர்வு முறையே இக்குறையை மறைக்கக்கூடும் என்பதும் இங்குக் கருதத்தக்கது.

ஆயினும், ஆடுதுறை 27ஐக் கைவிட்ட உழவர், குறையுள்ள இரகத்தை எப்போதும் கைவிடுபவரல்லர். மலேசிய மாசூரியிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டு 1986இல் வெளிவந்த வெள்ளைப் பொன்னி, அதே கலப்புத் திட்ட மரபில் வந்ததே. மழைக்குச் சாயும் என்று தெரிந்தும் சோற்றின் தரத்துக்காக அதனைச் சம்பாவில் விதைக்கின்றனர். சாய்வதால் வரும் இழப்பு விலையில் ஓரளவு ஈடாகும். ஆனால், முளைத்த நெல்லை வாங்குவாரில்லை. ஆகவே குறுவைக்கு வெளியிடப்படும் எந்த இரகமாயினும், விளைச்சல் ஒப்பீட்டுக்கு முன்பே, முற்றிய கதிரை நனைத்து உறக்கத்தைச் சோதிக்கும் தேர்வில் நிற்க வேண்டும். உறக்கம் மிக நீண்டு அடுத்த நாற்றங்காலைக் கெடுக்காத அளவும் அத்தேர்விலேயே வரையறுக்கப்பட வேண்டும்.