எட்டு, எண்பத்தொன்று, பதினொன்று

பல் மருத்துவம் படித்த யாரையும் நடுராத்திரியில் எழுப்பி "ஸ்ரீலங்கா ஸ்டடி" என்று கேட்டுப் பாருங்கள். 8, 81, 11 என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். நானும் அப்படி மனப்பாடம் செய்தவன்தான். ஈறு நோய்ப் பாடத்தில் தவறாமல் வரும் கேள்வி அது. இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்கள், 480 ஆண் தொழிலாளர்கள், மூன்று பிரிவுகள். அந்த 480 பேர் யார், என்ன சாப்பிட்டார்கள், பிறகு என்ன ஆனார்கள் என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் என்றால் பெரும்பாலும் நம்மூர்க்காரர்களின் பிள்ளைகள், பேரன்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஈறுக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவு மருத்துவத்துக்குப் புதிதல்ல. பாய்மரக் கப்பல் காலத்திலேயே தெரிந்த சங்கதி. மாதக்கணக்கில் உப்புக்கண்டமும் காய்ந்த பிஸ்கோத்தும் தின்ற மாலுமிகளுக்கு ஈறு வீங்கிப் பல்லையே மூடும். தொட்டால் ரத்தம், பிறகு அழுகல். 1747 மே மாதம் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு விதமான வைத்தியம் செய்து பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் தேறினார்கள். அதில் ஒருவர் ஆறு நாளில் வேலைக்கே திரும்பக்கூடியவராகிவிட்டார். பிற்பாடு வைட்டமின் சி பிரித்தெடுக்கப்பட்டதும் ஸ்கர்வியின் கதை முடிந்தது. இன்றைக்கும் கிளினிக்கில் "டாக்டர், ஈறுல ரத்தம் வருது, வைட்டமின் மாத்திரை போட்டா நின்னுடுமா?" என்று கேட்பவர்களுக்குப் பின்னால் அந்தக் கப்பல்தான் நிற்கிறது. பெரும்பாலும் நிற்காது. அவர்களுக்கு ஸ்கர்வி இல்லை, வேறு நோய்.

அந்த வேறு நோய்க்குக் காரணம் என்ன என்பதைச் சந்தேகமில்லாமல் காட்டியவர் ஹரால்ட் லோ என்ற நார்வேக்காரர். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் அவரும் கூட்டாளிகளும் செய்த சோதனை வெகு எளிமையானது. நல்ல ஈறுள்ள 12 பேரிடம், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் போல ஆனதும் ஈறு பழையபடி ஆகிவிட்டது. பல்லில் படியும் கிருமிப் படலம்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதியாயிற்று. பற்பசைக் கம்பெனிகளுக்கு இதைவிட நல்ல சேதி வேண்டுமா? சொத்தைப் பல் என்றால் சர்க்கரை, ஈறு என்றால் பிரஷ் என்று பாடம் இரண்டாகப் பிரிந்தது. ஈறுப் பாடத்திலிருந்து சாப்பாடு வெளியே போனது.

சோதனை சரியானது, இன்றைக்கும் சரிதான். ஆனால் லோ அதோடு நிற்கவில்லை. ஈறு வீங்குவது வேறு, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்து பல் விழுவது வேறு. முதலாவது மூன்று வாரத்தில் வரும், இரண்டாவதற்கு வருஷக்கணக்கு ஆகும். அந்த வருஷங்களைப் பார்க்க இரண்டு கூட்டங்களைத் தேர்ந்தெடுத்தார். 1969இல் ஒஸ்லோவில், சிறு வயதிலிருந்தே பல் மருத்துவம் ஒழுங்காகக் கிடைத்த படித்த ஆண்கள். 1970இல் இலங்கையில், பல் மருத்துவரையே பார்த்திராத தேயிலைத் தொழிலாளர்கள். 1971, 1973, 1977, 1982, 1985 என்று அதே இரண்டு பரிசோதகர்கள் திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள்.

இவர்கள் வழக்கமான வாய்ச் சுத்தம் எதுவும் செய்யாதவர்கள் என்கிறது ஆய்வு. (கரித்தூளும் சாம்பலும் ஆட்காட்டி விரலும் 'வழக்கமான' என்ற கணக்கில் வராது போலிருக்கிறது.) எல்லார் பல்லிலும் படலமும் காரையும் ஒரே மாதிரி மண்டிக் கிடந்தன. எல்லார் ஈறும் வீங்கியிருந்தது. சொத்தை ஏறக்குறைய கிடையாது. அப்படியானால் எல்லாருக்கும் ஒரே கதிதானே வர வேண்டும்? வரவில்லை. 8 சதவீதம் பேருக்கு 20 வயதிலேயே பல் விழ ஆரம்பித்தது. 35 வயதில் 12 பல், 40 வயதில் 20, 45 வயதில் வாய் காலி. 81 சதவீதம் பேருக்கு நோய் மெல்ல நகர்ந்து, 45 வயதில் சராசரியாக 7 பல் போயிருந்தது. மிச்சம் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீங்கியதோடு சரி, பல் அசையவே இல்லை. அதே தோட்டம், அதே அழுக்கு.

கிருமி இல்லாமல் நோய் வராது, ஆனால் எவ்வளவு நாசம் ஆகும் என்பதைக் கிருமி மட்டும் தீர்மானிப்பதில்லை என்று இந்த மூன்று எண்களும் சொல்லிவிட்டன. அழற்சி என்பது உடம்பு போடும் சண்டை. வெள்ளணுக்கள் ஈறுக்கு ஓடிவந்து நொதிகளைக் கொட்டுகின்றன. அவை கிருமியோடு சேர்த்து ஈறின் நாரையும் அரிக்கின்றன. எலும்பைக் கரைக்கும் செல்களையும் அந்தச் சண்டை உசுப்பிவிடுகிறது. ஊருக்குள் புகுந்த திருடனைப் பிடிக்க வந்த போலீஸ் தெருவையே கொளுத்துவது மாதிரி. சிலர் உடம்பில் போலீஸ் அளவோடு நிற்கும், சிலர் உடம்பில் நிற்காது. பரம்பரை, புகை, சர்க்கரை நோய் எல்லாம் இதில் வருகின்றன. ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது பின்விளைவு என்று 1993இல் எழுதியவரும் இதே லோதான்.

சாப்பாடு திரும்பி உள்ளே வந்தது இந்த வழியாகத்தான். சண்டை தானாக ஓய்வதில்லை, உடம்பு அதை வேலை செய்து அணைக்கிறது என்று அமெரிக்காவில் சார்லஸ் செர்ஹான் காட்டினார். அணைக்கும் பொருட்களில் ஒரு வகைக்கு ரிசால்வின் என்று பெயர். மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா 3 கொழுப்பிலிருந்து உடம்பே செய்துகொள்வது. முயல்களின் ஈறில் தடவியபோது எலும்புச் சேதம் குறைந்தது. நம் மத்தியும் கானாங்கெளுத்தியும் இந்தக் கொழுப்பு நிறைந்தவை.

பிறகு சுவிட்சர்லாந்தில் ஒரு விநோதம் நடந்தது. 2007இல் 10 பேர் நான்கு வாரம் கற்கால மனிதர்களைப் போல வாழ்ந்தார்கள். பிரஷ் கிடையாது, ஆலைச் சர்க்கரை கிடையாது. தானியம், மூலிகை, பால், தேன், கொஞ்சம் இறைச்சி. பல்லில் படலம் கூடியது. ஆர்ஹுஸ் கணக்குப்படி ஈறு வீங்கியிருக்க வேண்டும். மாறாக, ஈறில் ரத்தம் கசியும் இடங்கள் 34.8 சதவீதத்திலிருந்து 12.6 சதவீதமாகக் குறைந்தன. பத்தே பேர், ஒப்பிட இன்னொரு கூட்டம் இல்லை, அதனால் பிரஷைத் தூக்கிப் போட இது காரணமாகாது. 2016இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் 15 பேரை வைத்து, மாவுச்சத்தைக் குறைத்து, ஒமேகா 3, வைட்டமின் சி, டி, நார்ச்சத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். உணவை மாற்றியவர்களுக்கு ஈறு அழற்சி ஏறக்குறைய பாதியானது, படலம் குறையவில்லை. இதுவும் சின்னச் சோதனைதான், ஆனால் காற்று அடிக்கும் திசை தெரிகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்த 480 பேருக்குத் திரும்பினால் எனக்கு ஒரு வருஷக்கணக்கு உறுத்துகிறது. 1970இல் அவர்களது ஊட்டம் பரவாயில்லை என்று குறித்தார்கள். 1973க்கும் 1977க்கும் நடுவில் பரிசோதனை இல்லை. அந்த இடைவெளியில்தான் இலங்கையின் கடும் உணவுத் தட்டுப்பாடு. ரேஷன் அரிசியும் மாவும் சுருங்கின. சொந்த நிலம் இல்லாத லயத்து மக்கள்தான் மிக மோசமாக அடிபட்டார்கள். 1974இல் தோட்டங்களில் சாவு விகிதம் ஏறியது. 8, 81, 11 என்ற பிரிவுக்குச் சாப்பாடுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பாடப்புத்தகங்கள் எடுத்தாளும் ஆய்வுச் சுருக்கத்தில் மில்லிமீட்டர்கள் இருக்கின்றன, பட்டினி இல்லை. நோயின் இயல்பான போக்கு என்று அதற்குப் பெயர். வைத்தியம் செய்தால் இயல்பான போக்கு கெட்டுவிடும் அல்லவா?

1985இல் 480 பேரில் 161 பேர் மிஞ்சினார்கள். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட காலம் அது. 1983ம் அதற்குள் வருகிறது. 2010இல் மறுபடி தேடிப் போனபோது பரிசோதனைக்கு வந்தவர்கள் 75 பேர்.

தாயகம் திரும்பியவர்களுக்காக நீலகிரியில் தொடங்கப்பட்ட டான்டீ தோட்டங்களிலிருந்து சிலர் என்னிடம் வருவதுண்டு. வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் எந்தத் தோட்டம், என்ன சாப்பாடு என்று கேட்டுவிடுவேன். போன வருஷம் வந்த பெரியவர் சிரித்தார். "ரொட்டியும் சம்பலுந்தான் சார், அப்பறம் தேத்தண்ணி. எழுவத்திநாலுல ரொட்டிக்கும் மாவில்ல. எலதழய அவிச்சித் தின்னோம்." அவர் வாயில் 27 பல் இருந்தது. ஒன்றுகூட ஆடவில்லை.