ஆர்டுவான் வீடும் ஷெனியே வீடும்

தென்மேற்கு லூசியானாவின் கறுப்பினக் கிரியோல் மக்களுடைய இசைத்தட்டுகளைப் புரட்டினால், சில குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். ஆர்டுவான், ஷெனியே, டெலாஃபோஸ், ஷாவிஸ் என்று அந்த வரிசை நீளும். முதலிரண்டு குடும்பங்களை மட்டும் இங்கே அருகருகே வைக்கிறேன். இரண்டிலும் அக்கார்டியன்தான் பரம்பரைச் சொத்து. ஆனால் அது கைமாறிய விதம் வேறு வேறு. கைமாறியபின் நடந்ததோ நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு.

ஆர்டுவான்களில் முதற்பெயர் அமெதே. வெள்ளையரான வயலின்காரர் டென்னிஸ் மகீயுடன் 1929இல் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தார். 1934க்குள் 34 பாடல்கள் பதிவாயின. நிறவெறி கோலோச்சிய காலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்தார்கள் என்பது இன்று கேட்க நன்றாக இருக்கிறது. கதையின் முடிவு அப்படி இல்லை. ஒரு நடன இரவில் வெள்ளைக்காரப் பெண் கொடுத்த கைக்குட்டையால் வியர்வையைத் துடைத்தார், அதற்காக அவரை அடித்துப் போட்டார்கள் என்றுதான் அந்த ஊர்க்காரர்கள் சொல்லி வருகிறார்கள். 1942இல் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்தார். கல்லறைக்கு அடையாளம்கூட இல்லை.

ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரும்பு முக்கோணத்தைத் தட்டித் தாளம் போட்ட உறவுக்காரப் பையன் ஒருவன் இருந்தான். அல்ஃபோன்ஸ் ஆர்டுவான், ஊரார் வைத்த பெயர் புவா செக். விவசாயி. அந்தக் காலத்து நடனம் வீட்டுக்குள்தான் நடக்கும். மேசை நாற்காலிகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டால் கூடமே அரங்கு. புவா செக்குக்கு வயலினில் துணை நின்ற கான்ரே ஃபாண்டெனோவும் இன்னோர் அக்கார்டியன்காரரின் மகன்தான். இருவரும் 1966இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் வாசித்தார்கள். 1986இல் அமெரிக்க அரசின் மரபுக் கலைஞர் விருதைப் பெற்றார்கள். இதற்கிடையே புவா செக்கின் மகன்கள் ஆளுக்கொரு கருவியுடன் வளர்ந்துவிட்டார்கள். அவர்களில் அக்கார்டியன் வாசித்த குஸ்தாவ் 1974இல் கார் விபத்தில் இறந்தார். டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த லாரன்ஸ் அக்கார்டியனை எடுத்துக்கொண்டார். யாரும் யாருக்கும் பட்டம் கட்டவில்லை. இடம் காலியானது, பக்கத்தில் இருந்தவர் உட்கார்ந்தார்.

ஷெனியே வீட்டில் பட்டமே உண்டு. கிளிஃப்டன் ஷெனியே, சைடெகோ என்ற கறுப்பினக் கிரியோல் நடன இசையின் அரசர். மேடையில் நிஜமாகவே கிரீடம் வைத்துக்கொள்வார். 1925இல் ஓப்பலூசஸ் பக்கம் பிறந்தவர். தந்தை ஜோசப்பும் அக்கார்டியன் வாசித்தவர். ஆனால் மகன் தந்தையின் கருவியோடு நிற்கவில்லை. பழைய பொத்தான் அக்கார்டியனில் துருத்தியை அழுத்தும்போது ஒரு சுரம், இழுக்கும்போது வேறு சுரம். நடனத்துக்கு அந்த வெட்டு வெட்டான துள்ளல் போதும். ப்ளூஸின் எல்லாச் சுரங்களும் அதில் அகப்படாது. கிளிஃப்டன் ஆர்மோனியம் போலக் கட்டைகள் வரிசையாக உள்ள பியானோ அக்கார்டியனுக்கு மாறினார். சாக்ஸஃபோனையும் மின்கிதாரையும் பக்கத்தில் நிறுத்தினார். தாளத்துக்காகக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட துணி துவைக்கும் பலகையும் அவருக்குப் பிடிக்கவில்லை. 1946இல் டெக்ஸாஸின் போர்ட் ஆர்தரில் வில்லி லாண்ட்ரி என்ற உலோகத் தொழிலாளியிடம் தரையில் வரைந்து காட்டி, தோளில் மாட்டிக்கொள்ளும் நெளிதகரமாக அதைச் செய்யச் சொன்னார். அண்ணன் கிளீவ்லேண்ட் அதைப் புட்டி திறப்பான்களால் சுரண்டி வாசித்தார். இன்று சைடெகோ என்றால் கண்முன் வரும் உருவமே அந்தத் தகரச் சட்டைதான்.

1957இல் அதே போர்ட் ஆர்தரில் பிறந்த மகன் சி. ஜே. ஷெனியே இந்த இசைக்குள் வளரவில்லை. அவருக்குச் சாக்ஸஃபோனும் ஃபங்க் இசையும்தான் தெரியும். 1978இல் தந்தையின் 'ரெட் ஹாட் லூசியானா பேண்ட்' குழுவில் சாக்ஸஃபோன் வாசிக்கச் சேர்ந்தார். 1987இல் கிளிஃப்டன் மறைந்தபோது குழு, அக்கார்டியன், பெயர் மூன்றும் அவர் கைக்கு வந்தன.

எதிர்பார்ப்பு பிசகுவது இங்கேதான். வீட்டுக்குள்ளேயே ஊறிய ஆர்டுவான்கள் மரபைப் பொத்திப் பொத்தி வைத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த சி. ஜே. அதை உடைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. லாரன்ஸின் மகன்கள் ஷானும் கிறிஸும் 'டபுள் கிளட்சின்' என்ற குழுவில் பெரிய டிரம்மை இரட்டை உதையாக ஒலிக்கவிட்டு, ஆர் அண்ட் பி, ஹிப் ஹாப் வாசனையைக் கலந்தார்கள். சி. ஜே.யோ தந்தையின் குழுப் பெயரையும் பியானோ அக்கார்டியனையும் விடவே இல்லை.

எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு. குழந்தையிலிருந்தே கையில் இருப்பதை மாற்ற யாருக்கும் பயம் வராது. வளர்ந்தபின் ஓர் அரசரிடமிருந்து வாங்கியதை மாற்றக் கை நடுங்கும். இரண்டாவது காரணம் கேட்பவர்கள். கிறிஸ் வாசிப்பது லூசியானா, டெக்ஸாஸ் குதிரைச் சவாரிக் கூட்டங்களில் ஆடும் இளைஞர்களுக்கு. அவர்கள் ஆடாவிட்டால் பிழைப்பு இல்லை. சி. ஜே.யின் இசைவிழாக் கூட்டத்தில் பலரும் கிளிஃப்டனின் பெயரைக் கேட்டு வந்தவர்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சி. ஜே. கட்டிக்காக்கும் மரபு கிளிஃப்டன் செய்த மீறல்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் தந்தை ஜோசப்பிடமிருந்து கிளிஃப்டன் எவ்வளவு விலகினாரோ, புவா செக்கிடமிருந்து பேரன் கிறிஸும் ஏறக்குறைய அவ்வளவே விலகியிருக்கிறார். கிறிஸ் வாசிப்பது சைடெகோவே இல்லை என்று சொல்கிறவர்கள், அமெதேயின் 1934ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றையும் கிளிஃப்டனின் 1955ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு அதைச் சொல்லட்டும்.