கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்: அழகும் நஞ்சும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாரிகாலத்தில், கனடாவின் ஸ்காபரோவிலுள்ள என் பெறாமகன் வீட்டில் தங்கியிருந்தேன். வெளியே முழங்காலளவு பனி. உள்ளே, வரவேற்பறையின் ஒரு மூலையில், இரண்டடி நீளமான கண்ணாடித் தொட்டிக்குள் வெப்பமண்டலக் கடலொன்று அசைந்துகொண்டிருந்தது. மீன்கள் இரண்டே இரண்டுதான். மற்றபடி கற்களெங்கும் பச்சை, செம்மஞ்சள், ஊதா நிறங்களில் சட்டைப் பொத்தானளவு பூக்கள்.

"பெரியப்பா, இது பூ இல்லை. எல்லாம் உயிர்ப்பிராணி" என்றான் அவன்.

அவற்றுக்குச் சோவந்திட் என்று பெயர். கிரேக்க மொழியில் விலங்கையும் மலரையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்து பிறந்த பெயர் அது. எங்கள் ஊரில் முருகைக்கல் என்றால் வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் பயன்பட்ட பொருள். ஆனால், முருகைக்கல்லைக் கட்டியெழுப்பும் உயிரினங்களுக்கு உறவான இந்தச் சோவந்திட்கள் கல்லை உருவாக்குவதில்லை. தோல் போன்ற ஒரு படலத்தால் ஒன்றோடொன்று இணைந்து, பாறைமீது பாய் விரித்தாற்போலப் படர்கின்றன. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்ணிய அல்காக்கள் ஒளியிலிருந்து உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. ஆதலால் நல்ல ஒளியும் நிலையான உப்புநீரும் இருந்தால் அவை எளிதில் பெருகும். புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைப்போருக்குக் கடைக்காரர்கள் முதலில் இவற்றையே காட்டுவதற்குக் காரணம் அதுதான்.

தொட்டியின் பின்மூலையில் ஒரு கல்லை மங்கிய பழுப்பு நிறச் சோவந்திட்கள் முழுவதுமாக மூடியிருந்தன. அழகான மற்ற இனங்களின் இடத்தை அவை பிடித்துவிடுமென்று பெறாமகன் கவலைப்பட்டான். "நாளைக்கு இந்தக் கல்லை எடுத்துக் கொதிதண்ணியிலை போடப்போறன். எல்லாம் செத்துக் கல் துப்புரவாகிவிடும்" என்றான். கேட்டுக்கொண்டிருந்தேனேயன்றி, அதில் ஏதும் பிழையிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு விடயத்தைக் கண்டால் அதன் பூர்வீகத்தைத் தேடிப் படிப்பது பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்த பழக்கம். அன்றிரவு உறக்கம் வராமல் அதைத்தான் செய்தேன்.

இலண்டனில் தொடங்கிய கதை

கடலை வீட்டுக்குள் கொண்டுவரும் ஆசை 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. 1846ஆம் ஆண்டு ஆனா தைன் என்ற சீமாட்டி, டோர்க்கி கடற்கரையிலிருந்து சில முருகை உயிர்களை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். கடலிலிருந்து வெகுதொலைவிலுள்ள நகரில் அவற்றை எவ்வாறு உயிரோடு வைத்திருப்பது? நீரில் காற்றுக் கலப்பதற்காகப் பணிப்பெண் ஒருத்தி, திறந்த சாளரத்தின் முன் நின்று, நாள்தோறும் அரைமணி நேரத்துக்கும் மேலாகக் கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த ஆண்டு தைன் சீமாட்டி தொட்டியில் கடற்பாசியையும் சேர்த்தார். தாவரம் வெளியிடும் ஒட்சிசன் விலங்கைக் காத்தது. இந்த வரலாற்றில் அந்தப் பணிப்பெண்ணின் பெயர் பெரிதாகப் பேசப்படுவதில்லை. இன்று ஒவ்வொரு தொட்டியிலும் இரவுபகலாக ஓடும் சிறிய மின்பம்பி செய்வது அவளுடைய வேலையைத்தான்.

1853இல் இலண்டன் ரீஜன்ட் பூங்காவில் உலகின் முதலாவது பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் 'அக்குவாரியம்' என்ற சொல்லையே உலகறியச் செய்தது. வீட்டுக்கொரு தொட்டி என்ற மோகம் பரவியது. கடலோரப் பாறைக்குழிகளை நோக்கி மக்கள் வாளிகளோடும் உளிகளோடும் படையெடுத்தனர். விளைவு என்ன? கொஸ்ஸின் மகன் எட்மண்ட், 1907இல் வெளியிட்ட தன் நூலில், தந்தையும் தானும் கண்ட அந்தக் கரையோர வனப்பு சேகரிப்பாளர்களால் சூறையாடப்பட்டு அழிந்ததை வேதனையோடு பதிந்திருக்கிறார். கடலை நேசிக்கக் கற்றுத்தந்த நூல்களே கரையை வெறுமையாக்கக் காரணமாயின.

நுண்ணுயிர்கள் கட்டிக்காக்கும் தொட்டி

கொண்டுவந்தவை ஏன் மடிந்தன என்பதற்கான விடையின் முக்கிய பகுதி 1890ஆம் ஆண்டளவில் கிடைத்தது. ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி, அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்களை இனங்கண்டார். மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் தரும் அமோனியா கொல்லும் தன்மையுடையது. அதை ஊறு குறைந்த பொருளாக்கும் நுண்ணுயிர்கள் குடியேறாத தொட்டி வெறும் உப்புநீர்ப் பாத்திரமே.

இதை நடைமுறையில் அழகாகச் செய்துகாட்டியவர்களில் ஒருவர் இந்தோனேசியாவின் லீ சின் எங். பெரிய இயந்திரங்கள் எவையும் இல்லாமல், இயற்கைக் கடல்நீர், சூரிய ஒளி, காற்றுக் குமிழிகள் ஆகியவற்றோடு, உயிர்கள் நிறைந்த முருகைக் கற்களைத் தொட்டியில் இட்டு அவர் பெற்ற வெற்றியை, 1961இல் அமெரிக்க மீன்வளர்ப்புச் சஞ்சிகையொன்றில் எழுதினார். வடிகட்டியாக அமைந்தது அந்தக் கல்லே. உலகம் அதன் பெறுமதியை உணர மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. 1980களில் ஜேர்மனியின் பெர்லின் நகர ஆர்வலர்கள் உயிர்க்கல்லோடு கடும் ஒளியையும், கழிவை நுரையாக்கி அகற்றும் கருவியையும் சேர்த்துப் பயன்படுத்திய முறை எங்கும் பரவியது.

பெறாமகனின் தொட்டி இந்த மரபின் வாரிசு. ஏறக்குறைய 60 லீற்றர் நீர்; லீற்றருக்கு 35 கிராம் அளவில் கடலுப்புக் கலவை; 25 பாகை செல்சியஸ் வெப்பம். கற்களை இட்டபின் அமோனியாவும் நைத்திரைற்றும் சோதனையில் இல்லாது போகும்வரை ஆறு வாரங்கள் வெறுந்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். சிறிய தொட்டியை வைத்திருப்பது எளிது என்று நினைப்பது தவறு. நீர் குறைவாக இருப்பதால் சிறு பிழையும் பெரிதாகிவிடும். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு அன்று. ஆதலால் நாள்தோறும் நன்னீரே ஊற்றி நிரப்பவேண்டும். வாரத்துக்கொரு முறை பத்திலொரு பங்கு நீரை மாற்றவேண்டும். புதிய சோவந்திட்டை உடனே கடும் ஒளியில் வைக்காமல், கீழே வைத்துப் பழக்கி மெல்ல உயர்த்தவேண்டும். அதற்கு முன் நன்கு உற்றுப்பார்க்கவும் வேண்டும்: சோவந்திட்களைத் தின்னும் ஓடில்லாத சிறு கடல்நத்தைகள், தாம் தின்றவற்றின் நிறத்தையே பெற்று அவற்றிடையே மறைந்திருக்கும்.

இவற்றையெல்லாம் கடைக்காரர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஒன்றைத் தவிர.

ஹானாவின் சாபம்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் மவுயி தீவில், ஹானாவுக்கு அண்மையில், ஒரு பாறைக்குழியைப் பற்றி வழிவழியாக வந்த கதையொன்று உண்டு. மீன்பிடிக்கச் சென்றவர்கள் அடிக்கடி காணாமற்போயினர். ஊரார் ஒருவன்மீது ஐயங்கொண்டு அவனது மேலாடையைக் கிழித்துப் பார்த்தபோது, முதுகில் சுறாவின் வாய் இருந்ததாம். அவனைக் கொன்று எரித்துச் சாம்பலைக் கடலில் வீசினர். சாம்பல் விழுந்த குழியில் முளைத்த 'பாசி' கொடிய நஞ்சாயிற்று. ஈட்டி முனையில் அதைப் பூசினால் காயம் மரணத்தில் முடியும் என்றனர். ஹானாவின் சாவுப்பாசி என்று பெயரிட்டு, அதைத் தீண்டுவதைத் தடைசெய்தனர்.

1961 டிசம்பர் 31ஆம் திகதி, உள்ளூரார் எச்சரித்தும், ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் குழியிலிருந்து மாதிரிகளை எடுத்தனர். அன்றைய தினமே அவர்களது கடல் ஆய்வுகூடத்தின் பிரதான கட்டடம் தீப்பற்றி எரிந்தது. இதைத் தற்செயல் என்பதா சாபம் என்பதா என்பதை வாசகரிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் மாதிரிகளை ஆராய்ந்தபோது வெளிவந்த உண்மை, கதையைவிட வியப்பானது. அது பாசியே அன்று, சோவந்திட் இனம். 1971இல் ரிச்சர்ட் மூர், போல் ஷொயர் ஆகிய இருவரும் அதிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சுக்குப் பலிடொக்சின் என்று பெயரிட்டனர். புரதமல்லாத நஞ்சுகளில், அறியப்பட்டவற்றுள் மிகக் கொடியவற்றில் இதுவும் ஒன்று. 129 கரியணுக்களைக் கொண்ட அதன் கட்டமைப்பை, ஹவாயிலும் யப்பானிலும் தனித்தனியே உழைத்த இரு குழுக்கள் 1981இல் வெளிப்படுத்தின. 1994இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் யொஷிட்டோ கிஷியின் குழு அதைச் செயற்கையாக உருவாக்கியது.

நம் உடற்கலங்கள் ஒவ்வொன்றிலும் சோடியத்தை வெளியேற்றிப் பொற்றாசியத்தை உள்ளெடுக்கும் 'பம்பி' ஒன்றுண்டு. பலிடொக்சின் அதில் பொருந்தி, அதைத் திறந்த வாசலாக்கிவிடுகிறது. காவற்காரனையே கதவைத் திறந்துவைக்கச் செய்வது போன்றது இது. இதற்கு மாற்றுமருந்து இல்லை.

எல்லாச் சோவந்திட்களும் நஞ்சுடையவை அல்ல. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கத் தலைநகர்ப் பகுதிக் கடைகளில் வாங்கப்பட்ட மாதிரிகளில் சில கடும் நஞ்சுடையனவாகவும் சில அறவே நஞ்சற்றனவாகவும் இருந்தன. எது எப்படிப்பட்டது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது என்பதே ஆபத்து.

இரவு இரண்டு மணியளவில் நான் வாசித்த குறிப்பு என்னை எழுந்து உட்காரவைத்தது. வீட்டுத் தொட்டிக் கல்லிலிருந்த சோவந்திட்களை அழிக்கக் கொதிநீர் ஊற்றிய அமெரிக்கர் ஒருவர், அந்த ஆவியைச் சுவாசித்து வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டது பற்றிய மருத்துவ அறிக்கை அது. வெளியான ஆண்டு 2008. அலாஸ்காவில் 2012க்கும் 2014க்கும் இடையே கடைகளிலும் வீடுகளிலும் இத்தகைய சம்பவங்கள் நேர்ந்தன. 2018இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்ஷயரில் தொட்டியைச் சுத்தம் செய்த ஒரு குடும்பத்தினரோடு, அங்கு சென்ற பொலிஸாரும் வைத்தியசாலைக்குச் செல்ல நேர்ந்தது.

காலையில் பெறாமகன் எழுமுன்னரே அடுப்படியில் போய் அமர்ந்துகொண்டேன். வாசித்ததைச் சொன்னபோது, கையிலெடுத்த பானையை அவன் மெல்லக் கீழே வைத்தான். அந்த வீட்டில் அப்போது நான்கு வயதுக் குழந்தையொன்றும் இருந்தது.

இத்தகைய தொட்டி வைத்திருப்போர் மனங்கொள்ள வேண்டியவை சிலவே. சோவந்திட் உள்ள கல்லை ஒருபோதும் கொதிக்கவைக்கவோ, காயவிட்டுச் சுரண்டவோ, தூரிகையால் தேய்க்கவோ கூடாது. கையாளும்போது கையுறையும் கண் கவசமும் வேண்டும். கையில் காயமிருந்தால் தொடவே கூடாது. சமையற் பாத்திரங்களை இவ்வேலைக்கு எடுக்கக் கூடாது. இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல், வாயில் உலோகச் சுவை ஆகியன தோன்றினால் உடனே வைத்தியரிடம் செல்வதோடு, வீட்டிலுள்ள தொட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் சாதாரண தடிமன் காய்ச்சல் என்று எண்ணிவிட இடமுண்டு.

ஹானா மக்களுக்கு இரசாயனம் தெரியாது. அது பாசியன்று, விலங்கு என்பதும் தெரியாது. ஆனால் தொடக்கூடாது என்பது தெரிந்திருந்தது. அதைப் பிள்ளைகள் மறக்காதபடி ஒரு கதையாக்கி வைத்திருந்தனர். நாமோ கடலைத் துண்டு துண்டாக விலைகொடுத்து வாங்கும்போது, அதனோடு வந்திருக்கவேண்டிய கதையைக் கடற்கரையிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

அந்தப் பழுப்புக் கல் இன்றும் தொட்டியின் பின்மூலையில்தான் இருக்கிறது. அதை அழகில்லை என்று பெறாமகன் இப்போது சொல்வதில்லை.