பெரும் பகாக் காரணி

பெரும் பகாக் காரணி என்பது ஓர் எண்ணையோ எண்தொடரின் பெருக்கற்பலனையோ மீதியின்றி வகுக்கும் பகா எண்களுள் மிகப் பெரியது. பகுமுறை எண் கோட்பாட்டில் ஆராயப்படுவது.

ஓர் எண்ணுக்கும், அதனுடன் அதன் வர்க்கமூலத்தைக் கூட்டிய எண்ணுக்கும் இடையே எப்போதும் பகா எண் இருப்பதில்லை. 113-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 10.6, ஆனால் 114 முதல் 123 வரை ஒரு பகா எண்கூட இல்லை. அப்பத்து எண்களின் பகாக் காரணிகளுள் பெரியது 61. அது 122-இலிருந்து (2 × 61) கிடைக்கிறது. மிகப் பெரிய எண்களுக்கு இவ்விடைவெளியில் பகா எண் உறுதியாக உண்டா என்பது நிறுவப்படவில்லை. ஆகவே, அங்கு எவ்வளவு பெரிய பகாக் காரணி உறுதி என்பதே வினாவாகிறது.

அடுத்தடுத்த எண்களின் பெருக்கற்பலனுக்குரிய பகாக் காரணி பற்றிய சில்வெஸ்டரின் தேற்றம் வர்க்கமூலத்தின் அளவை, அதாவது எண்ணின் 1/2 அடுக்கை, மட்டுமே தருகிறது. இந்த எல்லையைக் கடந்தவர் கர்நாடகத்தின் மண்டியாவில் 1933-இல் பிறந்த கே. ராமச்சந்திரா. போதுமான அளவு பெரிய எண்களுக்கு அடுக்கை 1969-இல் 15/26 ஆகவும், 1970-இல் 5/8 ஆகவும் உயர்த்தினார். இரண்டாவது முன்னேற்றம் முதலாவதைவிடச் சிறியது. பின்வந்தோர் 0.7-ஐத் தாண்டினர்.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய ராமச்சந்திரா, 1978-இல் ஆர். பாலசுப்பிரமணியனுடன் இணைந்து ஹார்டி–ராமானுஜன் ஆய்விதழைத் தொடங்கினார். ஓய்வுக்குப் பின் பெங்களூரு தேசிய உயராய்வு நிறுவனத்தில் ஆய்வைத் தொடர்ந்து, 2011 சனவரி 17 அன்று அந்நகரிலேயே காலமானார்.