விசையின் எடை

2016ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதி நீதிமன்றம் ஒன்றில், ஜூரிகளின் கையில் ஒரு கைத்துப்பாக்கி கொடுக்கப்பட்டது. தோட்டாக்கள் நீக்கப்பட்ட கிளாக் அது. அதன் விசையை அவர்கள் இழுத்துப் பார்த்தனர். அவர்கள் அறிய விரும்பியது ஒன்றுதான்: இந்த விசை தானாக நகருமா?

பதினைந்து மாதங்களுக்கு முன், 2014 நவம்பர் 20ஆம் நாள் இரவு, விளக்கெரியாத ஒரு குடியிருப்பு மாடிப்படியில் ரோந்து வந்த இளங்காவலர் ஒருவரின் துப்பாக்கியிலிருந்து ஒற்றைத் தோட்டா புறப்பட்டது. அது சுவரில் பட்டுத் தெறித்து, கீழ்த்தளத்துப் படியில் இறங்க வந்த அகாய் கர்லி என்னும் 28 வயது இளைஞரின் மார்பில் பாய்ந்தது. கர்லி ஆயுதம் தரித்தவர் அல்லர். எவரோடும் சச்சரவிட்டவரும் அல்லர். ஏதோ ஓசை கேட்டுத் திடுக்கிட்டதாகவும், அப்போது துப்பாக்கி வெடித்துவிட்டதாகவும் காவலர் கூறினார். ஏறத்தாழ 11.5 பவுண்டு, அதாவது ஐந்து கிலோவுக்கும் சற்று மேற்பட்ட விசை அது என்பதை அரசுத் தரப்பு சுட்டிக் காட்டியது. அந்த எடையைத்தான் ஜூரிகள் தம் விரலால் நிறுத்துப் பார்த்தனர்.

ஒரு துப்பாக்கியின் விசை இவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் யார்? அந்த முடிவுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு.

தமிழில் 'விசை' என்னும் சொல் இழுக்கப்படும் உறுப்பையும் குறிக்கிறது. இழுக்கும் வலிமையையும் குறிக்கிறது. பின்புறம் எழும்பி நின்று, விடுபட்டதும் பாய்ந்து அடிக்கும் சுத்தியல் போன்ற உறுப்பை நம் அகராதிகள் 'குதிரை' என்கின்றன. சுருளையும் தகட்டையும் 'வில்' என்றே அழைக்கிறோம். இம்மூன்று சொற்களும் இருக்க, இக்கட்டுரைக்கு வேறு கலைச்சொற்கள் அதிகம் வேண்டியதில்லை.

ஏறிய குதிரையை ஒரு சிறு கொக்கி பிடித்து நிறுத்துகிறது. விசையை இழுத்தால் கொக்கி நழுவுகிறது, குதிரை பாய்கிறது. கொக்கியும் குதிரையும் தொட்டுக்கொள்ளும் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் அகலங்கூட இராது. ஒரு துப்பாக்கியின் குணம் அந்த விளிம்பில்தான் குடியிருக்கிறது. ஒரே துப்பாக்கி ஒரு முறை இரண்டு கிலோவிலும் மறுமுறை மூன்று கிலோவிலும் விடுபடுகிறது என்றால் ஆயுதப் பழுதாளர் முதலில் ஐயுறுவது அந்த விளிம்பை அன்று, சுடுபவரின் விரலை. அச்சில் சுழலும் விசை ஒரு நெம்புகோல். அதன் நுனியில் இழுத்தால் இலேசு; அடியில் இழுத்தால் கனம். ஆகவே துப்பாக்கி காலியா என்று உறுதி செய்துகொண்டு, எடைமானியை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மாட்டிப் பலமுறை இழுத்துப் பார்க்கிறார். அப்போதும் எண்கள் சிதறினால் உள்ளே குறை இருக்கிறது. பெரும்பாலும் அது அழுக்காகவே முடிகிறது: காய்ந்து பிசினாகிவிட்ட எண்ணெயும் வெடிமருந்தின் கரியும். கழுவிய பிறகும் தீரவில்லை என்றால், விசையையும் கொக்கியையும் இணைக்கும் தண்டு பக்கச் சுவரில் உரசிய தடம் இருக்கிறதா, வில் களைத்துவிட்டதா என்று பார்ப்பார். விளிம்பின் மேல் கைவைப்பது கடைசியில்தான். விசை இலேசாகட்டும் என்று அரத்தை எடுத்து அவ்விளிம்பைத் தேய்த்தவர்களின் துப்பாக்கிகளில் கொக்கி குதிரையைப் பிடிக்காமல் விட்டு, ஒரே இழுப்பில் பல தோட்டாக்கள் பறந்ததுண்டு.

1911 மார்ச்சில் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கோல்ட் கைத்துப்பாக்கியை ஜான் பிரௌனிங் வடிவமைத்தார். அதில் விசை சுழல்வதில்லை. நேராகப் பின்னோக்கி நகர்கிறது. எனவே விரல் எங்குப் பட்டாலும் எடை பெரிதும் மாறுவதில்லை. உள்ளே மூன்று நாக்குகள் கொண்ட ஒரு தகட்டு வில் உண்டு. ஒரு நாக்கு கொக்கியை அழுத்துகிறது. நடுநாக்கு விசையை முன்னே தள்ளுகிறது. மூன்றாவது, பிடியிலுள்ள காப்புக்கு உரியது. இந்த நாக்குகளில் ஒன்றை ஒரு மயிரிழை வளைத்தாலும் இழுப்பின் எடை மாறிவிடும். (அதே ஆண்டு ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டதும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால்தான். அரைத்தானியங்கி என்பது அன்று உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த புதுமை.)

இவ்வகைத் துப்பாக்கிகளில் ஒவ்வொரு வெடிப்பும் மேற்சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, அடுத்த சுடுதலுக்குக் குதிரையைத் தானே ஏற்றிவிடும். ஆகையால் எல்லா இழுப்பும் ஒன்றுபோல இலேசாக இருக்கும். தொல்லை முதல் இழுப்பில்தான். குதிரையை ஏற்றியே இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பதா? இறக்கி வைத்திருந்து, ஆபத்து வேளையில் கட்டைவிரலால் ஏற்றுவதா? முன்னது அச்சம், பின்னது தாமதம்.

பழைய ரிவால்வரிடம் இதற்கு விடை இருந்தது. அதன் நீண்ட, கனத்த இழுப்பு தானே குதிரையை ஏற்றித் தானே விடுவிக்கும். இதை அரைத்தானியங்கிக்குள் கொண்டுவந்த முன்னோடி பொகீமியாவின் அலோய்ஸ் டொமிஷ்கா. அவருடைய சிறிய துப்பாக்கி பெரிய புகழைப் பெறவில்லை. வால்தர் நிறுவனம் 1929இல் வெளியிட்ட பி.பி. என்னும் காவலர் துப்பாக்கியே அம்முறையை நிலைநாட்டியது. குதிரையை இறக்கி வைத்தபடியே தோட்டாவுடன் நடக்கலாம். முதல் இழுப்பு நீளமானது, கனமானது. அதன்பின் மேற்சட்டம் குதிரையை ஏற்றிவிடுவதால் இரண்டாவது முதல் எல்லாம் குறுகியவை, இலேசானவை.

பட்டறையில் பழுது என்று பெயர் பெற்றிருந்த ஏற்றத்தாழ்வு இவ்வாறு காப்பு என்னும் பெயரோடு வடிவமைப்புக்குள்ளேயே புகுந்துகொண்டது நமக்கு வியப்பளிக்கிறது. 1985இல் அமெரிக்கப் படைகள் தேர்ந்தெடுத்த பெரெட்டாவின் படைக் கையேட்டு எண்களைப் பாருங்கள்: முதல் இழுப்பு 12.33 பவுண்டு, பிந்தையவை 5.5 பவுண்டு. அஞ்சி நடுங்கும் ஒரு விரல், ஒரு நொடிக்குள், முதலில் கொடுத்த வலிமையில் பாதிக்கும் குறைவானதைக் கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்காதவருக்கு முதல் தோட்டா இலக்குக்குக் கீழே போகும்; இரண்டாவது, நினைப்பதற்கு முன்பே போய்விடும்.

இந்த இரட்டை எடையை ஒழித்தவர் துப்பாக்கித் தொழிலுக்கே புதியவர். ஆஸ்திரியாவில் திரைச்சீலைத் தண்டுகளும், படைக்குக் கத்திகளும் செய்துகொண்டிருந்த காஸ்டன் கிளாக், 1982இல் தம் நாட்டுப் படைக்கு அளித்த துப்பாக்கியில் வெளியே தெரியும் குதிரையே இல்லை. உள்ளே உள்ள அடிமுள்ளை மேற்சட்டம் பாதியளவு இழுத்து வைக்கும். மீதியை விரல் இழுக்கும். முதலாவதும் கடைசியும் ஏறத்தாழ 5.5 பவுண்டு. கையால் தள்ள வேண்டிய காப்புப் பூட்டும் இல்லை. விசையின் நடுவே ஒரு சிறு நாக்கு மட்டுமே. அமெரிக்கக் காவல்துறைகள் விரைந்து அதன்பால் சாய்ந்தன.

ஒருமைக்கும் விலை இருந்தது. 1980களின் இறுதியில் கிளாக்கை ஏற்ற வாஷிங்டன் நகரக் காவல்துறையில், பத்தாண்டுகளில் 120க்கும் மேற்பட்ட தற்செயல் வெடிப்புகள் நேர்ந்ததாக 1998இல் 'வாஷிங்டன் போஸ்ட்' வெளிப்படுத்தியது. ரிவால்வரின் கனத்த இழுப்பில் பழகிய விரல்கள், விசையின் மேலேயே ஓய்வெடுக்கும் வழக்கத்தை விடவில்லை. பயிற்சி போதவில்லை என்பதே நம் கருத்தும். ஆனால் பயிற்சிக்குப் பணமும் நாளும் வேண்டும். ஒரு வில்லை மாற்றுவது எளிது.

நியூயார்க் அந்த எளிய வழியைத் தேர்ந்தது. 1993இல் தன் காவலர்களுக்கு அரைத்தானியங்கியை அனுமதித்தபோது, எல்லா இழுப்பும் ஒன்றாகவும் வேண்டும், ரிவால்வரைப் போலக் கனமாகவும் வேண்டும் என்றது. கிளாக் நிறுவனம் உள்ளிருக்கும் சுருளை எடுத்துவிட்டு வலிய வேறொரு வில்லைப் பொருத்திக் கொடுத்தது. 'நியூயார்க் விசை' என்றே அதற்குப் பெயர். நகரக் காவல்துறைக்கு உரியதன் எடை ஏறத்தாழ 12 பவுண்டு.

தவறி வெடிப்பதைத் தடுக்க வைத்த கனம் வேறொன்றையும் செய்தது. 680 கிராம் எடையுங்கூட இல்லாத ஒரு வெற்றுத் துப்பாக்கியை ஒரு கையில் அசையாமல் பிடித்து, ஐந்தரைக் கிலோவை ஒற்றை விரலால் இழுத்துப் பார்த்தால் விளங்கும்: விசை நகர்வதற்கு முன் குழல் நகர்ந்துவிடும். 2008இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் அத்துறைக்கு அளித்த அறிக்கையிலேயே, இலேசான விசையைச் சோதித்துப் பார்க்குமாறு கூறியிருந்தது. 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னே, ஒரு கொலையாளியை நோக்கிக் காவலர் இருவர் 16 முறை சுட்டனர். அவன் வீழ்ந்தான்; வழியே போன ஒன்பது பேரும் காயமுற்றனர், காவலர் தோட்டாக்களாலும் அவற்றின் சிதறல்களாலும். கனத்த விசையைப் பற்றிய பேச்சு அப்போது மீண்டும் எழுந்தது. ஆனால் வில் மாறவில்லை.

இரண்டாண்டு கழித்து, எந்த விபத்தைத் தடுப்பதற்காக அந்த வில் பொருத்தப்பட்டதோ அந்த விபத்தே புரூக்ளின் படிக்கட்டில் நிகழ்ந்தது. திடுக்கிட்ட கை முழுவதும் இறுகும்போது ஐந்து கிலோ ஒரு பொருட்டன்று என்று ஒருவர் வாதிடலாம். இத்தனை கனத்தை இழுத்தவர் அறியாமல் இழுத்திருக்க முடியாது என்று மற்றொருவர் வாதிடலாம். ஜூரிகள் இரண்டாவதையே நம்பினர் போலும். விசையை இழுத்துப் பார்த்தபின், பிப்ரவரி 11 அன்று காவலர் குற்றவாளி என்றனர். ஏப்ரலில் நீதிபதி குற்றத்தைக் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று குறைத்து, ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 800 மணிநேரச் சமூகப் பணியும் விதித்தார். சிறைத்தண்டனை இல்லை. கர்லியின் குடும்பத்தார் நீதிமன்றத்துக்கு வெளியே தம் சினத்தை மறைக்கவில்லை.

2021இல் அதே காவல்துறை, புதிதாகச் சேரும் காவலர்களுக்கு இலேசான விசை பொருத்திய துப்பாக்கிகளை வழங்கப்போவதாக அறிவித்தது.